எல்லையும் உள்ளமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் பேசுவது வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் நம்மைப் பேசுமாறு பணித்துவிட்டனர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே எழுத்தராகிப் பேரேடுகளோடு காலம் கழிக்கும் நாம், இலக்கிய ஆராய்ச்சி செய்யத் துணியோம். நாம் அறிந்தது எல்லை ஊர் வாழ்க்கை ஒன்றே. ஆகவே அதைப் பற்றியே பேசுவோம்.

இப்பொருளை நமக்கு எடுத்துக் கொடுத்தவள் ஒரு சிறுமி. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்து வருபவள். வடக்கெல்லைப் போராட்டம் பற்றிய பாடத்தை முடித்த அன்று அவள் நம்மிடம் வந்து, "மாமா, திருப்பதி வேண்டுமென்று தமிழர்கள் போராடினார்களாம். கிடைக்கவில்லையாம். நாம் திருப்பதியிலேதானே இருக்கிறோம்? அப்படியானால் நாம் தோற்றுப்போனவர்களா?" என்று கேட்டாள்.

நாம் மறுமொழி கூற இயலாமல் நின்றோம். தோற்றோம் என்றால் குழந்தையின் மனம் வாடும். தோற்கவில்லை என்றால் பாடநூல் பொய்யாகும். அன்று சொல்லாமல் விட்ட விடையைத்தான் இன்று சபையோர் முன்னிலையில் சொல்ல முற்படுகின்றோம்.

மலையும் மொழியும்

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கே வேங்கடமும் தெற்கே குமரியும் எல்லை என்று தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரத்தில் பனம்பாரனார் வகுத்தார். எல்லை என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வீட்டுச் சுவர் நம்முடையதா, அண்டை வீட்டாருடையதா? இரண்டு வீட்டுக்கும் அது தாங்கலாய் நிற்கிறது. வேங்கட மலையும் அவ்வாறே நெடுங்காலம் நின்றது.

நாம் குடியிருக்கும் இத்திருச்சானூரையே எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு இவ்வூரைத் திருச்சோகினூர் என்று குறிக்கிறது. அருகிலுள்ள யோகிமல்லவரத்துப் பராசரேசுவரர் கோயிற் சுவர்களில் சோழர் காலத் தமிழ் எழுத்துகளைக் காணலாம். மலைமேல் உள்ள போக சீனிவாசப் பெருமாளின் வெள்ளித் திருமேனியைச் செய்தளித்தவள் சாமவை என்னும் பல்லவ குலத்து அரசி. அக்கொடையைச் சொல்லும் சாசனமும் தமிழே. மார்கழியில் திருமலையில் சுப்பிரபாதத்துக்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுவதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு இங்கேயே நிறுத்திவிட்டால் நாம் பாதி உண்மை பேசியவராவோம். தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்து, இதே பெருமாள்மீதும், இதே அலர்மேல்மங்கைத் தாயார்மீதும் தெலுங்கிலே பல்லாயிரம் கீர்த்தனைகள் பாடினார். அவை செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலுக்குள்ளேயே காக்கப்பட்டன. 1513இல் முதன்முறையாக மலையேறி வந்த கிருஷ்ணதேவராயர், தாம் அளித்த கொடைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழியிலும் கல்லில் வெட்டுவித்தார். வந்தவர் யாராயினும் தம் மொழியிலே படித்துக்கொள்ளட்டும் என்று அப்பேரரசர் கருதினார் போலும். ஒரே சுவரில் மூன்று மொழிகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளாமல் ஐந்நூறு ஆண்டுகளாக நிற்கின்றன.

இரண்டு முழக்கங்கள்

ஆங்கிலேயர் ஆட்சியில் இப்பகுதி வட ஆர்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1911இல் வட ஆர்க்காட்டின் சில தாலுகாக்களையும் கடப்பையின் சில தாலுகாக்களையும் இணைத்துச் சித்தூர் ஜில்லாவை அமைத்தார்கள். தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் ஊருக்கு ஊர் கலந்து கிடந்த ஜில்லா அது. எல்லாம் ஒரே சென்னை ராஜதானியாய் இருந்த வரையில் அதனால் யாருக்கும் இடர் இல்லை.

மொழிவாரி மாநிலம் என்ற கோரிக்கை வலுத்தபோதுதான் இடர் எழுந்தது. தெலுங்கு மக்கள் தமக்கெனத் தனி மாநிலம் கேட்டனர். அதற்காகப் பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19ஆம் நாள் சென்னையில் உண்ணாநோன்பு தொடங்கி, டிசம்பர் 15ஆம் நாள் உயிர் நீத்தார். தெலுங்கு நாடெங்கும் கொந்தளிப்பு மூண்டது. ரயில்கள் நிறுத்தப்பட்டன, நிலையங்கள் தாக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டனர். சில நாட்களுக்குள்ளாகவே பிரதமர் நேரு ஆந்திர ராஜ்யம் அமைக்கப்படும் என்று அறிவித்தார்.

அப்போது சென்னை நகரத் தெலுங்கர்களிடையே "மதராஸ் மனதே", அதாவது சென்னை நமதே, என்ற முழக்கம் எழுந்தது. இங்கே ம.பொ.சிவஞானம் அவர்கள் 1946இல் தோற்றுவித்த தமிழரசுக் கழகம், வேங்கடம் தமிழருக்கே உரியது என்று முழங்கியது. 1947 ஆகஸ்டில், நாடு விடுதலை பெற்ற கையோடு, அவர் திருப்பதிக்கு வந்தார். ஊருக்குள் எதிர்ப்பும் கிளம்பிற்று. மங்கலங்கிழார் எல்லைப்புற ஊர்களில் நடையாய் நடந்து, தமிழ் படிக்கத் தெரியாதிருந்த தமிழர்களுக்குத் தமிழ் கற்பித்து அவர்களை எழுப்பினார். திருத்தணியில் கே. விநாயகம் முன்னின்றார். 1953இல் மறியலும் கைதும் தொடர்ந்தன. சிறை சென்றோர் பலர். உயிர் நீத்தோரும் உண்டு.

இரண்டு முழக்கங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சென்னையில் வாழ்ந்த தெலுங்கன், 'நான் பிறந்து வளர்ந்த நகரம் எனக்கு அந்நியமாகிவிடுமோ' என்று அஞ்சினான். திருப்பதியில் வாழ்ந்த தமிழனும் அதையே அஞ்சினான். ஒருவன் மற்றவனுக்குப் பகைவனாகத் தோன்றினான். ஆயினும் இருவர் நெஞ்சிலும் இருந்த அச்சம் ஒன்றே. இதனை அன்று மேடையில் எடுத்துச் சொல்வார் மிகச் சிலரே. கூட்டத்தில் கைதட்டல் பெறுவது முழக்கம். அச்சத்தை வீட்டுக்குள்தான் பேச முடியும்.

ஒரு விளக்கு

வீட்டுக்குள் நடந்தது என்ன என்பதை நம் குடும்பத்தைக் கொண்டே சொல்ல அனுமதிக்க வேண்டுகின்றோம். பெருமைக்காக அன்று, இதுபோன்ற கதை இங்கு அமர்ந்திருக்கும் பழங்குடும்பங்கள் பலவற்றிலும் உண்டு என்பதற்காகவே.

நம் பாட்டனார் திருச்சானூர்க் கோயில் வீதியில் தேங்காய் பழக் கடை வைத்திருந்தார். அவருடைய தம்பி, நம் சின்னத் தாத்தா, திருத்தணிப் பக்கத்தில் பள்ளி ஆசிரியர். மூத்தவர் கடையில் தெலுங்கில் விலை சொல்லி, வீட்டில் தமிழில் கணக்கெழுதுபவர். இளையவர் மங்கலங்கிழாரின் பேச்சில் உள்ளம் பறிகொடுத்து, 1953இல் மறியல் செய்து ஒரு மாதம் சிறையில் இருந்து மீண்டவர்.

அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள், கர்நூலைத் தலைநகராய்க் கொண்டு ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லா முழுவதும், திருத்தணி உட்பட, அதற்குள் போயிற்று. கோயில் வீதியில் வீட்டுக்கு வீடு விளக்கேற்றினார்கள். பாட்டனாரும் தம் கடை வாசலில் ஓர் அகல் ஏற்றினார். அன்று மாலை சின்னத் தாத்தா ஊருக்கு வந்திருந்தார். விளக்கைப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணா, இது யாருக்கு ஏற்றிய விளக்கு?"

"தெருவுக்கு ஏற்றிய விளக்கு" என்றார் பாட்டனார்.

"தெரு உங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்ததா?"

"தெருதான் சோறு போடுகிறது, தம்பி. உள்ளே வா, சாப்பிடு."

சின்னத் தாத்தா உள்ளே வரவில்லை. பாட்டி இலை போட்டுக் காத்திருந்தாள். அவர் உண்ணாமலே நிலையத்துக்கு நடந்தார். ஏழாண்டுக் காலம் அண்ணன் வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை.

ஆனால் அஞ்சலட்டை நிற்கவில்லை. பேச்சு நின்ற வீட்டில் பிறப்பு, இறப்பு, நெல் விலை, மழை எல்லாவற்றையும் அஞ்சலட்டையே சுமந்தது. அதிலும் சண்டை ஓயவில்லை. சின்னத் தாத்தா முகவரி எழுதும்போது, "திருச்சானூர், வடவேங்கடம், தமிழகம்" என்று எழுதுவார். பாட்டனார், "திருத்தணி தாலுகா, சித்தூர் ஜில்லா, ஆந்திர ராஜ்யம்" என்று அழுத்தம் திருத்தமாக எழுதி அனுப்புவார். தபால்காரருக்கு இரண்டும் தெரியும்; ஓர் அட்டையும் வழி தவறியதில்லை. அவ்வட்டைகளில் சில இன்றும் நம் வீட்டுப் பெட்டியில் உள்ளன. உள்ளே எழுதிய செய்தியெல்லாம் "சின்னவளுக்குக் காய்ச்சல் தணிந்ததா?" என்பது போன்றவையே. சண்டை முகவரியில், பாசம் உள்ளே!

நடுவில் அமர்ந்தவர்

இவ்வேளையில் நம் ஊர்ப் பெரியவர் ஒருவரை நினைவுகூர்தல் தகும். மாடபூஷி அனந்தசயனம் ஐயங்கார் அவர்கள் 1891 பிப்ரவரி 4ஆம் நாள் இதே திருச்சானூரில் பிறந்தார். சென்னையில் பச்சையப்பன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். விடுதலைப் போரில் சிறை சென்றார். முதல் மக்களவைக்குத் திருப்பதித் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுத் துணைச் சபாநாயகரானார். 1956இல் மாவலங்கர் மறைந்ததும் சபாநாயகர் ஆனார். 1957இல் சித்தூர்த் தொகுதியிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு 1962 வரையில் அப்பதவியில் இருந்தார்.

ஆந்திரப் பிரதேசத்துக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லையை மாற்றியமைக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1959ஆம் ஆண்டில். அப்போது மக்களவைச் சபாநாயகர் நம் திருச்சானூர்க்காரர்! எந்த மண்ணைப் பிரிப்பதோ அந்த மண்ணில் பிறந்தவர், எப்பக்கமும் சாயாமல் அமர வேண்டிய நாற்காலியில் இருந்தார். அந்நாட்களில் அவர் உள்ளம் என்ன எண்ணியதோ, அதை ஊகிக்க நமக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். எல்லை ஊரிலே பிறக்கிற ஒவ்வொருவருக்கும் அத்தகைய நாற்காலி ஒன்று காத்திருக்கிறது. அவருக்கு அது தில்லியில் கிடைத்தது; நமக்குத் தெருத் திண்ணையில் கிடைக்கிறது.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு சான்று உண்டு. டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் கல்வி கற்றார். அவர் பிறந்த ஊர் இன்று தமிழ்நாட்டில். அனந்தசயனம் ஐயங்கார் பிறந்த ஊர் இன்று ஆந்திரத்தில். எல்லைக் கோடு அவ்விருவரையும் கேட்டுக்கொண்டு போடப்படவில்லை.

கோடு விழுந்தது

எல்லைச் சிக்கலைத் தீர்க்க எச்.வி. படாஸ்கர் நடுவராக நியமிக்கப்பட்டார். கிராமத்தை ஓர் அலகாகக் கொள்வது. நிலத் தொடர்ச்சியைப் பார்ப்பது. பெரும்பான்மையோர் பேசும் மொழியைக் கருதுவது: இவையே அவர் கொண்ட முறை. அவர் முடிவின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி சென்னை ராஜ்யத்துக்கு மாறியது. சத்தியவேடு முதலிய செங்கற்பட்டு ஜில்லாப் பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன.

கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தமையால் பெரும்பான்மையோருக்கு நியாயம் கிட்டியது. சிறுபான்மையோர் எப்பக்கமும் இருந்தனர். நூறு வீடுள்ள ஊரில் அறுபது வீடு ஒரு மொழியென்றால், கோடு அறுபது வீட்டின் பக்கம் விழும். மீதி நாற்பது வீடு என்ன செய்யும்? இக்கேள்விக்கு உலகில் எந்த எல்லை நடுவரும் விடை கண்டதில்லை. ஐரோப்பாவில் அல்சேசு மாநிலம் 1871, 1918, 1940, 1945 ஆகிய ஆண்டுகளில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் கைமாறிக்கொண்டே இருந்தது. நம் நாட்டிலேயே பெல்காம் குறித்து மகாராஷ்டிரம் 2004இல் தொடுத்த வழக்கு இன்னும் நீளுகிறது. நம் எல்லை அமைதியாக முடிந்தது ஒரு நற்பேறே.

கோடு விழுந்த அந்த ஏப்ரல் மாதத்தில் நம் பாட்டனார் தம்பிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். செய்தி இரண்டே வரி: கார்த்திகை மாதத் தாயார் பிரம்மோற்சவத்துக்கு வரவும், உன் அண்ணி இலை போட்டு வைத்திருக்கிறாள். முகவரியில்தான் விந்தை. "திருத்தணி தாலுகா, செங்கற்பட்டு ஜில்லா, சென்னை ராஜ்யம்" என்று எழுதியிருந்தார். ஏழாண்டுச் சண்டையில் தம்பிக்கு அவர் விட்டுக்கொடுத்த முதல் வரி அது.

மறுமொழி பத்து நாளில் வந்தது. "திருச்சானூர், சித்தூர் ஜில்லா, ஆந்திரப் பிரதேசம்" என்று அதில் எழுதியிருந்தது. அவ்வாண்டுப் பஞ்சமி தீர்த்தத்தன்று, பத்ம சரோவரத்தின் படிக்கட்டில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே முழுகினார்கள். பாட்டி அதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவாள். 'குளத்தில் யார் கண்ணீர், எது தண்ணீர் என்று யார் கண்டது?' என்பாள்.

தோல்வி எது?

இப்போது சிறுமியின் கேள்விக்கு வருவோம். திருப்பதி தமிழ்நாட்டில் சேராமற் போனது தோல்வியா? போராடியவர் நோக்கில் அது இழப்பே. அதை மறைக்க வேண்டியதில்லை. திருத்தணியை மீட்டது வெற்றியே. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் திருப்பதித் தமிழனுக்கு வெற்றி தோல்வியை நிர்ணயிப்பது வேறொன்று. அவன் பேரக்குழந்தை தமிழ் படிக்கிறதா, இல்லையா என்பதே அது.

நம் அரசியல் சட்டம் இதை எண்ணிப் பார்த்திருக்கிறது. 29, 30ஆம் பிரிவுகள் சிறுபான்மையோர் தம் மொழியைக் காக்கவும் பள்ளி நடத்தவும் உரிமை தருகின்றன. 1956இல் சேர்த்த 350அ பிரிவு, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்யுமாறு மாநிலங்களுக்குச் சொல்கிறது. ஆக, எல்லைக் கோட்டோடு கூடவே ஒரு வாக்குறுதியும் தரப்பட்டது. கோடு கண்ணுக்குத் தெரிகிறது. வாக்குறுதி கேட்பாரின்றிக் கிடக்கிறது.

இதில் நாம் ஆந்திரத்தை மட்டும் குறை கூறலாகாது. 2006இல் தமிழ்நாடு இயற்றிய தமிழ் கற்றல் சட்டத்தால் தங்கள் குழந்தைகளின் தாய்மொழிப் படிப்புக்கு இடையூறு நேரும் என்று அங்குள்ள தெலுங்கு முதலிய மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்றனர். நமக்கு இங்கே வேண்டுவதை அவர்கள் அங்கே கேட்கிறார்கள். அவர்களுக்கு மறுத்துவிட்டு நமக்குக் கேட்க நமக்கு நா எழுமா?

இன்னொன்றையும் கூசாமல் சொல்லிவிடுவோம். பெட்டியில் உள்ள பாட்டனாரின் அஞ்சலட்டைகளை நம் வீட்டுப் பிள்ளைகளால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிகிறது. அவர்கள் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறார்கள். இரண்டாம் மொழி தெலுங்கு. இதற்கு எந்தக் கமிஷனும் காரணமன்று. நாமே சேர்த்தோம்; நாமே கட்டணமும் செலுத்தினோம்.

நீ எந்தப் பக்கம்?

பழங்கதை முடிந்தது என்று எண்ண வேண்டா. 2013 ஜூலை 30ஆம் நாள் தெலங்காணா தனி மாநிலமாவது உறுதியானபோது திருப்பதி கொந்தளித்தது. ஒன்றுபட்ட ஆந்திரம் வேண்டுமென்று வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. அரசுப் பேருந்துகள் நின்றன. ரயிலை நம்பி வந்த யாத்திரிகர் கூட்டத்தை நாம் மறப்பதற்கில்லை.

நம்மோடு அப்போது பணிபுரிந்த அன்பர் ஒருவர் தெலங்காணாவைச் சேர்ந்தவர். அதே தெலுங்கு, அதே உணவு, அதே பெருமாள். ஆயினும் தெருவில் அவரைப் பார்த்து, "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். கேட்காதவர்கள் பேசாமல் விலகினார்கள். உண்மையைச் சொன்னால், முதல் சில நாட்கள் நாமும் விலகியே இருந்தோம். நமக்கேன் வம்பு என்ற எண்ணந்தான். ஒருநாள் ஊர்வலம் செல்லும்போது அவர் தம் சிறு பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாய் நின்றார். அருகே சென்றோம். "மனசு அங்கே, சோறு இங்கே, நான் என்ன செய்ய?" என்று அவர் தெலுங்கில் சொன்னார்.

தெருவுக்கு ஏற்றிய விளக்கு அந்தக் கணத்தில் நம் நினைவுக்கு வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டனார் நின்ற இடத்தில் இன்று அவர் நிற்கிறார். கோடு மாறியிருக்கிறது; நிற்கும் இடம் மாறவில்லை. அன்றிரவு அவர் குடும்பம் நம் வீட்டில் உணவருந்திற்று. அது பெரிய தொண்டன்று. ஐந்து நாள் தாமதித்தோமே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

இரண்டாண்டுக்குள் நம் முறை வந்தது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறித் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேரை ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றனர். தமிழ்நாட்டில் சினம் பொங்கியது. எல்லை கடக்கும் பேருந்துகள் தடைப்பட்டன. பேருந்து நிலையத்தில் நம் மகனிடம், "தமிழில் உரக்கப் பேசாதே" என்று நாமே சொன்னோம். சொன்ன வாய் இன்றும் கசக்கிறது. நாம் பிறந்த ஊரில், ஆழ்வார் பாடிய மலையின் அடியில், நம் மொழியை நாமே தாழ்த்தச் சொன்னோம்.

அந்நாளில் நம் திண்ணைக்கு வந்து அமர்ந்தவர் யார் தெரியுமா? அதே தெலங்காணா அன்பர். தமக்குத் தெரிந்த பத்துத் தமிழ்ச் சொற்களையும் சேர்த்து, தெரு கேட்க, உரக்கப் பேசிவிட்டுப் போனார். மாண்டவர்களுக்கு நீதி கேட்டு ஐதராபாத் உயர் நீதிமன்றத்தை அணுகியோருள் ஆந்திரப் பிரதேசக் குடிமையுரிமைக் குழுவினரும் இருந்தனர் என்பதை நம் குழந்தைகள் அறிந்திருக்க வேண்டும். தமிழ்க் கூலியாளுக்காகத் தெலுங்கர் நீதிமன்றம் ஏறினர். இதைப் பாடநூலிலே எழுதாவிட்டாலும் நம் மலரிலே எழுதி வைப்போம்.

விடை

பெரியோர்களே, இரு பற்று உடையவன் இரண்டகம் செய்பவன் என்பது கோட்டின் நடுவில் வாழாதவர் சொல்லும் சொல். நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஒரே நெஞ்சில் இடம் வைத்து அவர்கள் வாழவில்லையா? நம் தாயாரே அதற்குச் சான்று. நாராயணவனத்து ஆகாசராசன் மகள் பத்மாவதி என்கிறது தலபுராணம். அவள் திருச்சானூரிலே வீற்றிருக்கிறாள். பஞ்சமி தீர்த்தத்தன்று மலையிலிருந்து அவளுக்குப் பட்டும் மஞ்சளும் சீராக ஊர்வலமாய் வருகின்றன. சீவில்லிபுத்தூர் ஆண்டாளின் மாலை மாநிலம் கடந்து கருட சேவைக்கு வருகிறது. சென்னையிலிருந்து திருக்குடைகள் வருகின்றன. 1953க்குப் பின்னும் இவற்றுள் ஒன்றும் நிற்கவில்லை. எல்லை ஆட்சிக்கு வேண்டும். சீர்வரிசைக்கு அது தடையன்று.

செய்ய வேண்டியவை என்று நமக்குத் தோன்றும் மூன்றினைச் சொல்லி முடிப்போம்.

முதலாவது, ஞாயிறு வகுப்புக்குக் காலனியின் எல்லாக் குழந்தைகளும் வரவேண்டும். இப்போது வருவோர் பாதிக்கும் குறைவு. தொலைக்காட்சித் தமிழ் காதுக்குப் போதும். கைக்கும் கண்ணுக்கும் போதாது. மங்கலங்கிழார் ஊர் ஊராக நடந்து கற்பித்த தமிழை, நான்கு தெரு தாண்டி வந்து கற்கலாகாதா?

இரண்டாவது, தெலுங்கைப் பிழையறக் கற்போம். கடைக்கு மட்டும் போதுமான தெலுங்கு நம்மை என்றும் வந்தேறிகளாகவே வைக்கும். அன்னமாச்சாரியாரைப் படித்து நுகரும் அளவுக்குக் கற்றால், இம்மண்ணில் நாம் விருந்தினராய் இருக்கமாட்டோம்.

மூன்றாவது, அடுத்த முறை ஊர் பிளவுபடும்போது, அது எதன் பொருட்டாயினும், எண்ணிக்கையில் குறைந்து ஓரமாய் நிற்பவர் வீட்டுக்கு முதல்நாளே செல்வோம். ஐந்து நாள் தாமதிக்க வேண்டா.

குழந்தாய், நீ முன்வரிசையில் அமர்ந்திருப்பது தெரிகிறது. உன் கேள்விக்கு விடை இதுதான். கோடு போட்ட நாளில் நாம் தோற்கவும் இல்லை, வெல்லவும் இல்லை. அன்று நமக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. அந்த வேலையை நம் பாட்டனார் தலைமுறை ஓர் அகல்விளக்காலும் சில அஞ்சலட்டைகளாலும் செய்தது. நீ தமிழை எழுதவும் படிக்கவும் மறந்தால், அன்றுதான் தோல்வி. உன் பக்கத்து வீட்டுத் தெலுங்குத் தோழி உன்னைக் கண்டு அஞ்சினாலும் அன்றே தோல்வி. இவ்விரண்டும் நேராத வரையில் நாம் தோற்கவில்லை.

வரும் ஞாயிறன்று பாட்டனாரின் அஞ்சலட்டைகளை வகுப்புக்குக் கொண்டு வருகின்றோம். முகவரியை நீ படி. உள்ளே இருப்பதை நம் மகன் படிக்கட்டும்.